ஜெட் என்ஜின் சத்தத்தைக் குறைப்பது எப்படி: அதிகமாகக் கத்துவதை முதலில் பிடியுங்கள்

பயணிகள் விமான என்ஜினின் சத்தத்தைக் குறைக்கும் வேலையில் இறங்குபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது, ஐந்தாறு சத்தங்கள் ஒன்றாகக் கலந்துதான் நம் காதுக்கு வருகின்றன என்பது. பின்னால் பீய்ச்சி அடிக்கும் காற்று, முன்னால் சுழலும் ஃபேன், அதற்குப் பின்னால் அசையாமல் நிற்கும் நிலைத் தகடுகள், காற்றை அழுத்தும் கம்பிரசர், எரிபொருள் எரியும் எரியறை, அங்கிருந்து வரும் சூடான காற்றால் சுழலும் டர்பைன் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சத்தம் போடுகின்றன, ஒவ்வொன்றும் வேறு திசையில், பறப்பின் வேறு கட்டத்தில் ஓங்குகின்றன. இதில் எது அதிகமாகக் கத்துகிறதோ அதை முதலில் பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு உழைத்தாலும் வெளியே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

டெசிபல் கணக்கு அப்படி. ஃபேன் 90 டெசிபல், டர்பைன் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் 170 ஆகாது, 90.4 டெசிபல்தான் ஆகும். நீங்கள் ராப்பகலாக உழைத்து டர்பைன் சத்தத்தை முழுசாகவே ஒழித்துவிட்டாலும் குறைவது அந்த 0.4 மட்டும்தான், அதைக் காதால் கண்டுபிடிக்கவே முடியாது. அதே உழைப்பை ஃபேன் பக்கம் போட்டு அதை 80-க்கு இறக்கினால் மொத்தம் 83 ஆகிவிடும். இப்போது இரண்டும் சமம், இனிமேல்தான் டர்பைனைத் தொடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஜெட் என்ஜின் சத்தத்தின் வரலாறே இப்படித்தான் நகர்ந்திருக்கிறது, ஒன்றை அடக்கியதும் அதுவரை மறைந்திருந்த இன்னொன்று மேலே வந்து நிற்கும்.

அளக்காமல் தொடங்காதீர்கள்

என்ஜினைத் தரையில் கட்டிவைத்து ஓட்டிச் சோதிக்கும்போது பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. விமானம் நிற்கும்போது ஃபேன் சுற்றியிருக்கிற எல்லாத் திசையிலிருந்தும் காற்றை இழுக்கிறது, அப்படி இழுக்கப்படும்போது காற்றில் இருக்கிற சின்னச் சின்னச் சுழல்கள் நீண்டு இழையாகி, சுழலும் பிளேடுகள் ஒவ்வொன்றும் அதே இழையைத் திரும்பத் திரும்ப வெட்டுகின்றன. விளைவு, பறக்கும்போது இல்லாத ஒரு கீச்சொலி தரையில் பலமாகக் கேட்கும். அதை நம்பி வடிவமைப்பை மாற்றினால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த கதைதான். அதனால்தான் சத்தச் சோதனைகளில் என்ஜினின் வாய்க்கு முன்னால் தேன்கூட்டு அமைப்பில் பெரிய கோள வடிவச் சல்லடை ஒன்றை மாட்டுகிறார்கள், உள்ளே போகும் காற்று அதில் ஒழுங்காகிவிடும்.

மைக்கை வைக்கிற இடத்திலும் கவனம் வேண்டும். ஆள் உயரத்தில் வைத்தால் நேராக வரும் ஒலியும் தரையில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று சில அதிர்வெண்களில் அழித்துவிடும், வரைபடத்தில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். ஆராய்ச்சிக்கு அளக்கிறீர்கள் என்றால் மைக்கைத் தரையோடு தரையாக வையுங்கள், 6 டெசிபல் கூடுதலாகக் காட்டும், அதைக் கழித்துக்கொண்டால் போதும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க வேண்டுமானால் நிறைய மைக்குகளை ஒரு வலைபோல் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிடும் முறைதான் இன்றைக்கும் சிறந்தது.

அதிகாரபூர்வச் சான்றிதழுக்கான அளவு வேறு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ 1971-இல் இணைப்பு 16 என்ற விதிகளை ஏற்றது. அதன்படி மூன்று இடங்களில் அளப்பார்கள்: ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 450 மீட்டரில், விமானம் ஓடத் தொடங்கும் இடத்திலிருந்து 6,500 மீட்டர் தள்ளி, இறங்கும்போது ஓடுபாதை முனைக்கு 2,000 மீட்டர் முன்னால். அலகு ஈபிஎன் டெசிபல். வெறும் உரப்பை மட்டும் பார்க்காமல், கீச்சென்று ஒற்றைச் சுரமாக ஒலித்தால் அதற்குக் கூடுதல் அபராதம், நீண்ட நேரம் ஒலித்தால் அதற்கும் அபராதம் என்று சேர்த்துக் கணக்கிடும் அலகு இது. அந்த அபராதம் நியாயமானது, ஏனென்றால் அதே உரப்பில் ஒரு இரைச்சலை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒரு கீச்சொலியைப் பொறுக்கமாட்டார்கள். 2017 டிசம்பர் 31-க்குப் பிறகு சான்றிதழுக்கு வரும் புதிய பெரிய விமானங்கள் அந்த விதிகளின் அத்தியாயம் 14-க்குள் அடங்க வேண்டும், அதாவது மூன்று இடங்களையும் கூட்டினால் 1970-களின் அத்தியாயம் 3 வரம்பைவிட 17 ஈபிஎன் டெசிபல் கீழே.

காற்றை மெதுவாகத் தள்ளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1952-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் கணித்துச் சொன்னது: பீய்ச்சும் காற்றின் ஒலித்திறன் அதன் வேகத்தின் எட்டாம் படிக்கு ஏற்ப மாறும். எட்டாம் படி! வேகத்தைப் பாதியாக்கினால் ஒலித்திறன் 256-இல் ஒரு பங்காகும், டெசிபலில் 24 குறையும். ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் உந்துவிசையும் போய்விடுமே? அதை ஈடுகட்ட அதிகக் காற்றைத் தள்ள வேண்டும், காற்று வெளியேறும் வாய் நான்கு மடங்கு பெரிதாக வேண்டும், அந்தப் பெரிய வாயால் 6 டெசிபல் திரும்ப ஏறிவிடும். அப்படியும் மிச்சம் 18 டெசிபல், ஒரு சொட்டு உந்துவிசை இழக்காமல். வேறு எந்த உத்தியும் இதன் பக்கத்தில்கூட வராது.

1950-களில் இதைச் செய்யும் வழி இல்லை. அன்றைய என்ஜின்கள் உள்ளே வந்த காற்று முழுவதையும் எரியறை வழியாக அனுப்பி மிக வேகமாகப் பீய்ச்சின. அதனால் வெளிவாயிலேயே வேலை செய்து பார்த்தார்கள். விமான என்ஜின் செய்யும் ரோல்ஸ் ராய்ஸில் எஃப். பி. கிரேட்ரெக்ஸ் வெளிவாயை மடிப்பு மடிப்பாக ஆக்கினார், தொடக்ககால போயிங் 707-இல் ஒரே வாய்க்குப் பதிலாகப் பல குழாய்களைக் கொத்தாக வைத்தார்கள். பீய்ச்சும் காற்று வெளிக்காற்றோடு சீக்கிரம் கலந்து வேகம் குறையும், அடிவயிற்றில் அதிர்கிற தாழ்ந்த உறுமல் குறையும். பதிலுக்கு எடையும் எரிபொருளும் கூடின, உந்துவிசை குறைந்தது. அப்புறம் வந்த பைபாஸ் என்ஜின்தான் உண்மையான விடை. உள்ளே வரும் காற்றில் ஒரு பகுதி மட்டும் எரியறைக்குப் போகும், மற்றது ஃபேன் தள்ளிய வேகத்தோடு வெளியே சுற்றிப் போய்விடும். போயிங் 727-ஐயும் பழைய 737-ஐயும் ஓட்டிய ஜேடி8டி என்ஜினில் வெளியே போகும் காற்றும் உள்ளே போகும் காற்றும் கிட்டத்தட்டச் சரிசமம். இந்த விகிதத்தைத்தான் பைபாஸ் விகிதம் என்பார்கள், சிஎஃப்எம்56 என்ஜினில் அது ஐந்து ஆறு மடங்கு ஆனது. இன்றைக்குப் புது ஏ320நியோவில் வரும் இரு வகை என்ஜின்களிலும் 11, 12 மடங்கு.

அப்படியானால் ஏன் 30 மடங்கு வைக்கக் கூடாது என்று கேட்பீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். ஃபேன் பெரிதானால் சுற்றியிருக்கும் உறையும் பெரிதாகும், எடை ஏறும், காற்றுத் தடை ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் மிச்சம் பிடித்த எரிபொருளை அதுவே தின்றுவிடும். இறக்கைக்கும் தரைக்கும் நடுவில் இடமும் வேண்டும். போயிங் 737-இன் இறக்கை தாழ்ந்தது, அதனால் 1980-களில் பெரிய என்ஜினைப் பொருத்தும்போது உறையின் அடிப்பகுதியைத் தட்டையாக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல், பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்ற வேண்டும், அதே தண்டில் இருக்கும் டர்பைனோ வேகமாகச் சுற்றினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டையும் நேராக இணைத்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். என்ஜின் நிறுவனமான பிராட் அண்ட் விட்னி இதற்கு நடுவில் ஒரு பற்சக்கரப் பெட்டியை வைத்தது, அதனால் டர்பைன் ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றும். 2016 ஜனவரியில் ஏ320நியோவில் அது பயணிகள் சேவைக்கு வந்தது. இதில் சத்தத்துக்கு இரட்டை லாபம்: ஃபேன் முனை மெதுவாகிறது, டர்பைனின் சுரம் மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் போய்விடுகிறது, அந்த உயரத்தில் இருக்கிற ஒலியைக் காற்றே வேகமாக உறிஞ்சிவிடும்.

ஃபேனின் கீச்சொலி: எண்ணிக்கையில்தான் விடை

பீய்ச்சு அடங்கியதும் மேலே வந்தது ஃபேன். அதன் அடிப்படைச் சுரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், பிளேடு எண்ணிக்கையை ஒரு விநாடிக்கான சுற்றுகளால் பெருக்குங்கள். 22 பிளேடு, நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் விநாடிக்கு 40 சுற்று, ஆக 880 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு, மும்மடங்கு சுரங்களும் கூடவே வரும்.

இந்தச் சுரம் எப்படிப் பிறக்கிறது என்றால், ஒவ்வொரு பிளேடும் தனக்குப் பின்னால் ஒரு கலங்கிய காற்றுத் தடத்தை விட்டுச் செல்கிறது, அந்தத் தடம் பின்னால் நிற்கும் நிலைத் தகடுகளில் வரிசையாக மோதுகிறது. 1962-இல் டைலர், சோஃப்ரின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அலசிச் சொன்னது ஒரு அழகான விஷயம், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். மோதலால் உண்டாகும் அழுத்த வடிவம் குழாய்க்குள் தானும் சுழல்கிறது, அந்த வடிவத்தின் மடல் எண்ணிக்கை பிளேடு எண்ணுக்கும் தகடு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். வடிவம் சுழலும் வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டினால் சத்தம் குழாய் வழியே வெளியே போகும், தாண்டாவிட்டால் உள்ளேயே தேய்ந்து செத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 பிளேடு, 24 நிலைத் தகடு என்று வைத்தால் வித்தியாசம் 2, வடிவம் ஃபேனைவிட 11 மடங்கு வேகமாகச் சுழலும், சத்தம் கட்டாயம் வெளியே போகும். இரண்டும் 22 என்று வைத்தால் இன்னும் மோசம், வடிவமே இல்லாமல் நேரான அலையாகப் போகும், எதுவும் அதைத் தடுக்காது. 46 தகடு வையுங்கள், வித்தியாசம் 24, வடிவம் ஃபேனைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழலும், ஃபேன் முனை ஒலி வேகத்துக்குக் கீழே இருக்கும்வரை அடிப்படைச் சுரம் வெளியே வராது. தகடுகளைப் பிளேடுகளைப் போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாக வைக்க வேண்டும் என்ற விதி இப்படி வந்ததுதான். ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு கிராம் எடை கூட வேண்டும் என்று அவசியமில்லை, வடிவமைக்கும்போதே சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

ஆனால் இரண்டாவது சுரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே பிளேடு எண்ணை இரட்டித்துக்கொள்ள வேண்டும், 44-க்கும் 46-க்கும் வித்தியாசம் 2, அது தாராளமாக வெளியே போகும். அதற்கு வேறு மருந்து: ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் இடைவெளியைக் கூட்டுங்கள், கலங்கிய தடம் போகப் போக மங்கிவிடும். தகடுகளை நேராக நிறுத்தாமல் பின்னால் சரித்து, பக்கவாட்டிலும் சாய்த்து வையுங்கள், தடம் தகட்டின் முழு நீளத்திலும் ஒரே நேரத்தில் மோதாமல் மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு போகும். இடைவெளியைக் கூட்டினால் என்ஜின் நீளும், எடை கூடும், அதனால் இதில் தாராளம் காட்ட முடியாது. ஃபேனுக்கு முன்னால் நிலைத் தகடு வைக்கவே வைக்காதீர்கள். பழைய என்ஜின்களில் அப்படி இருந்தது, அவற்றின் ஊளை அவ்வளவு கொடுமையாக இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

புறப்படும்போது முழு வேகத்தில் ஃபேன் முனை ஒலி வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு பிளேடும் ஒரு அதிர்ச்சி அலையை முன்னால் அனுப்பும். பிளேடுகள் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருக்காது, அந்தச் சிறு வித்தியாசங்களால் அலைகள் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து, ரம்பம் அறுப்பது போன்ற ஒரு கரகரப்பாக மாறும். முன் இருக்கைகளில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகவே கேட்கும். பிளேடுகளைப் பின்னோக்கி வளைத்து வடிவமைப்பதும், முனை வேகத்தைக் குறைப்பதும்தான் இதற்கு வழி.

மிச்சத்தை உறிஞ்சுங்கள்

பிறந்த சத்தத்தைக் கொல்ல உறையின் உள்சுவரில் லைனர் பதிப்பார்கள். விமான நிலையத்தில் என்ஜின் வாய்க்குள் எட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சுவரில் பொடிப் பொடியாகத் துளைகள் தெரியும், அதுதான். துளையிட்ட மேல்தகடு, அதற்குப் பின்னால் தேன்கூட்டு அறைகள், அதற்குப் பின்னால் மூடிய அடித்தகடு. காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் ஒலிக்குமே, ஒவ்வொரு அறையும் அப்படி ஒரு பாட்டில். அந்தச் சுரம் வரும்போது துளையிலுள்ள காற்று முன்னும் பின்னும் வேகமாக ஆடி, உராய்விலும் குட்டிச் சுழல்களிலும் தன் ஆற்றலை வெப்பமாக இழக்கும்.

அறையின் ஆழத்தைத் தோராயமாகக் கணக்கிட, அலைநீளத்தில் கால் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1,700 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 20 சென்டிமீட்டர், கால் பங்கு 5 சென்டிமீட்டர். துளைக்குள் இருக்கும் காற்றின் எடையும் சேர்வதால் நிஜத்தில் அதைவிடக் குறைந்த ஆழமே போதும். ஒரே அடுக்கு என்றால் ஒரு சுரத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் பிடிக்கும், நடுவில் இன்னொரு துளைத்தகடு வைத்து இரண்டு அடுக்காக்கினால் பிடிக்கும் பரப்பு விரியும். தாழ்ந்த உறுமலை இதனால் பிடிக்க முடியாது, அதற்கு ஆழம் கட்டுபடியாகாது. பீய்ச்சும் காற்றின் சத்தமோ என்ஜினுக்கு வெளியே பிறப்பது, அதை லைனர் தொடவே தொடாது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் லைனரிடம் அதிகமாக எதிர்பார்த்து ஏமாற மாட்டீர்கள்.

லைனரைத் துண்டு துண்டாகச் செய்து ஒட்டும்போது இணைப்புக் கோடுகள் வரும், அந்தக் கோடுகள் நன்றாக உறிஞ்சப்படும் ஒலி வடிவங்களைச் சிதறடித்து, உறிஞ்சப்படாத வடிவங்களாக மாற்றிவிடும். ஏ380-இன் என்ஜின் வாயில் இணைப்பே இல்லாத ஒரே வளையமாக லைனர் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். லைனரில் அடிபட்டால் துளைகளை அடைத்துப் பூசி மேலே பெயிண்ட் அடித்துவிடுவது சுலபமான வேலை, பறப்புப் பாதுகாப்புக்கும் அதனால் கேடு வராமல் இருக்கலாம். ஆனால் அடைத்த ஒவ்வொரு துளையும் செத்த துளை. எவ்வளவு பரப்பு அடைக்கலாம் என்று பழுதுபார்க்கும் கையேட்டில் வரம்பு இருக்கும், பழைய அடைப்புகளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் போட வேண்டும். ஃபேன் பிளேடின் முன்விளிம்பில் கல்பட்ட தழும்புகளையும் விட்டுவைக்காதீர்கள், அவை எரிபொருளையும் தின்னும், இரைச்சலையும் கூட்டும்.

வெளிவாயின் விளிம்பை ரம்பப் பல் மாதிரி வெட்டுவது இன்னொரு உத்தி, செவ்ரான் என்பார்கள். போயிங் 787, 747-8, 737 மேக்ஸ் என்ஜின்களில் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு பல்லும் சின்னச் சின்ன நீள்சுழல்களை உண்டாக்கி, வேகக் காற்றை மெதுவான காற்றோடு பதமாகக் கலக்கிறது, பழைய மடிப்பு வாய்களின் அதே எண்ணம்தான், ஆனால் மிகக் குறைந்த விலையில். தாழ்ந்த சுரம் குறையும், உயர்ந்த சுரம் கொஞ்சம் ஏறும், உந்துவிசையில் சிறு இழப்பு இருக்கும். பல்லை ஆழமாக உள்ளே வளைத்தால் அந்தக் கெடுதல் இரண்டும் கூடும். பைபாஸ் விகிதம் ஏற ஏறப் பீய்ச்சு தானாகவே அடங்கிவிடுவதால் செவ்ரானின் தேவையும் குறைந்துகொண்டே வருகிறது என்பது என் எண்ணம்.

பழைய என்ஜின்களுக்குப் பின்னால் பூ இதழ் வடிவக் கலப்பியும் கூடுதல் லைனரும் சேர்த்து ஹஷ்கிட் என்று மாட்டினார்கள். அமெரிக்காவில் 34 டன்னுக்கு மேற்பட்ட பழைய ரக விமானங்கள் 1999 முடிவுக்குள் புதிய வரம்புக்கு வர வேண்டும் என்ற சட்டம்தான் அந்தச் சந்தையை உருவாக்கியது. வரம்பைத் தொட்டது உண்மை, ஆனால் புதிய என்ஜினோடு ஒப்பிட்டால் அது ஒட்டுப்போட்ட வேலைதான்.

ஓட்டுகிற விதம்

என்ஜினை மாற்ற முடியாவிட்டாலும் அதை ஓட்டுவதை மாற்றலாம். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், அதனால் குடியிருப்பின் மேல் போகும்போது எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது முக்கியம். புறப்பாட்டுக்கு ஐசிஏஓ இரண்டு முறைகளைச் சொல்கிறது. முதல் முறையில் 800 அடிக்கு மேல் உந்துவிசையைக் குறைத்து, வேகம் கூட்டாமல் 3,000 அடி வரை செங்குத்தாக ஏறி, அப்புறம் இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருக்கும் ஃபிளாப் என்ற மடக்குத் தகடுகளை மடக்குவார்கள். இது ஓடுபாதைக்கு ஒட்டியிருப்பவர்களுக்கு நல்லது. இரண்டாவதில் 800 அடி தாண்டியதும் வேகம் கூட்டி ஃபிளாப்பை மடக்கி, பிறகு உந்துவிசையைக் குறைப்பார்கள், தள்ளியிருப்பவர்களுக்கு நல்லது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நல்லது செய்கிற முறை இல்லை. மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று வரைபடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இறங்கும்போது படிப்படியாக, நடுநடுவே சமமாகப் பறந்து வருவதுதான் கெடுதல். தாழ்வான உயரத்தில் சமமாகப் பறக்க என்ஜினை முடுக்க வேண்டும். மேலிருந்தே ஒரே சரிவில், உந்துவிசை ஏறக்குறைய இல்லாமல் இறங்கினால் சத்தமும் குறையும் எரிபொருளும் மிஞ்சும். ஆனால் கடைசி சில கிலோமீட்டரில் எல்லோரும் எப்படியும் அதே 3 டிகிரி சரிவில்தான் வருகிறார்கள், அங்கே வித்தியாசம் இருக்காது. சரிவை 3.2 டிகிரி ஆக்கினால் 10 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 35 மீட்டர் உயரம் கூடும், சத்தம் சுமார் அரை டெசிபல் குறையும்.

இந்தக் கட்டத்தில் என்ஜின் மெதுவாக ஓடுவதால் சக்கரங்களும் ஃபிளாப்பும் என்ஜினுக்குச் சமமாகச் சத்தம் போடத் தொடங்கும். ஏ320 குடும்ப விமானங்களின் இறக்கைக்கு அடியில் எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தைச் சமப்படுத்த வட்டத் துளைகள் உண்டு, அவற்றின் மேல் காற்று ஓடும்போது விசில் அடிக்கும். துளைக்கு முன்னால் உள்ளங்கை அளவு உலோகத் துண்டு ஒன்றை ஒட்டியதும் விசில் நின்றது, இறங்கும் பாதையின் சில பகுதிகளில் 4 டெசிபல் வரை குறைந்தது. ஜெர்மானிய விமான நிறுவனமான லுஃப்தான்சா 2014-இல் இதைப் பொருத்தத் தொடங்கியது. கோடிக்கணக்கில் கொட்டி என்ஜினைச் செதுக்குவதற்கு முன்னால் இப்படி ஏதாவது துளை விசிலடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தரையில் செய்ய வேண்டியது சொற்பம். நிலையத்தின் மின்சாரமும் குளிர்காற்றும் கிடைக்கும் இடத்தில் வாலில் இருக்கும் துணை என்ஜினை அணைத்துவிடுங்கள், ஒரே என்ஜினில் ஓடுபாதை வரை போக முடிந்தால் போங்கள், பராமரிப்புக்காக முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதைச் சுவர் எழுப்பிய தனி இடத்தில் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை நீளமாகவும் காய்ந்தும் இருந்தால், இறங்கியதும் எதிர் உந்துவிசையை முழுசாகப் போடாமல் குறைந்தபட்சத்தில் நிறுத்தலாம். அது விமானியின் முடிவு, பாதுகாப்பில் சந்தேகம் வந்தால் சத்தத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது.

நீங்கள் விமானப் பாதைக்குக் கீழே குடியிருப்பவர் என்றால், சத்தம் அதிகமாக இருக்கிறது என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். தேதி, நேரம், விமானம் ஏறியதா இறங்கியதா, எந்தத் திசையில் போனது, அன்றைய காற்றுத் திசை இவற்றைக் குறித்துக்கொண்டு குறிப்பாகக் கேளுங்கள்: எங்கள் பக்கம் இரண்டு புறப்பாட்டு முறைகளில் எது நடைமுறையில் இருக்கிறது, ஏன்? தொடர்ச்சியாக இறங்குபவை எத்தனை சதவீதம்? இரவில் எந்த ரக விமானங்கள் வருகின்றன, அவற்றின் சான்றிதழ் அளவு என்ன? அத்தியாயம் 14-க்குள் வரும் விமானத்துக்குக் குறைந்த கட்டணம் உண்டா? கேட்பது ஏறும் சத்தமா இறங்கும் சத்தமா என்பதை மட்டும் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் தீர்வு வேறு, பதில் சொல்ல வேண்டிய ஆட்களும் பெரும்பாலும் வேறு.